விண்வெளிப் போர் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது: வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்



வருங்காலப் போரைக் கற்பனையில் நடத்திப் பார்க்கும் கதைகளுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். 1871 மே மாதம் பிரிட்டனின் 'பிளாக்வுட்ஸ்' இதழில் 'தி பேட்டில் ஆஃப் டோர்க்கிங்' என்ற நெடுங்கதை ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. பிரான்சைப் பிரஷ்யா மண்டியிட வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த அடி இங்கிலாந்தின் மீது விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டது அந்தக் கதை. தோற்றுப்போன நாட்டின் முதியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதாக அது அமைந்திருந்தது. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி, இந்தியாவில் பணிபுரிந்த இராணுவப் பொறியாளர். 1898இல் ஹெச். ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நூலாக வந்தபோது படையெடுப்பவர்கள் செவ்வாய்க் கிரகத்துக்காரர்களாகிவிட்டார்கள். 1903இல் அதே வெல்ஸ், அகழிகளைத் தாண்டி ஊர்ந்து செல்லும் இரும்பு வண்டிகளை 'தி லேண்ட் அயர்ன்கிளாட்ஸ்' சிறுகதையில் வர்ணித்தார். 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் இறங்கின.

இப்படிப் பலித்த கற்பனைகளைச் சொல்லித்தான் இராணுவ அறிவியல் புனைகதையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அது இந்த வகையின் சிறிய பெருமை. பெரிய பெருமை, இந்த நாவல்கள் ஒன்றோடொன்று வாதாடுவதில் இருக்கிறது. சண்டைக்கு யார் போக வேண்டும், எதிரி என்பவர் யார், உயிரோடு திரும்பியவரை ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கு ஒரு நாவலாசிரியர் ஒரு பதிலை வைக்க, இன்னொருவர் அதை மறுத்து வேறொரு நாவலை எழுதியிருக்கிறார். தனியாக ஒன்றை எடுத்துப் படிப்பவருக்கு வழக்கின் ஒரு தரப்பு மட்டுமே காதில் விழும். எந்த நூலுக்கு எந்த நூல் பதில் என்று தெரிந்து படிப்பவருக்கு அதே பக்கங்களில் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

வாதத்தைத் தொடங்கி வைத்தவர் ராபர்ட் ஹைன்லைன். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் 1929இல் தேறி, காசநோயால் 1934இல் பணியிலிருந்து விலக நேர்ந்தவர். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்ற இயக்கம் 1958இல் அமெரிக்காவில் வலுப்பெற்றபோது, அதை எதிர்த்துத் தம் செலவில் நாளிதழ் விளம்பரம் கொடுத்தார். கையிலிருந்த வேறொரு நாவலை நிறுத்திவிட்டு அந்த வேகத்தில் எழுதியதுதான் 1959இல் வெளிவந்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'. அவருடைய சிறுவர் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டுவந்த பதிப்பகம் இதை ஏற்க மறுத்தது. வேறு பதிப்பகத்தில் வந்த நூல் 1960இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதைப் பெற்றது.

கதை எளிமையானது. செல்வந்தர் வீட்டுப் பையன் ஜானி ரிக்கோ, தந்தை சொல்லையும் மீறிக் காலாட்படையில் சேருகிறான். பயிற்சி முகாமில் உடைக்கப்பட்டு, மறுபடி வார்க்கப்பட்டு, பூச்சி வடிவ வேற்றுக்கிரக எதிரியோடு போரிடுகிறான். போர்க்காட்சிகள் நினைவில் தங்கியிருப்பதைவிடக் குறைவு. நாவலின் பெரும்பகுதி பயிற்சி முகாமிலும் வகுப்பறையிலும் நடக்கிறது. அந்தச் சமூகத்தில் வாக்குரிமை பிறப்பால் வருவதில்லை, அரசுப் பணியில் தன் காலத்தை முடித்தவருக்கே அது உண்டு. அதிகாரியைக் கைநீட்டி அடித்த பயிற்சி வீரனுக்குக் கசையடி கிடைக்கிறது. நூலைப் பாசிசம் என்று சாடியவர்களும் உண்டு, கடமையுணர்வின் பாடநூல் என்று கொண்டாடியவர்களும் உண்டு. அமெரிக்க மரைன் படை தன் வீரர்களுக்குப் பரிந்துரைக்கும் நூற்பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. இரு தரப்பும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று நூலின் கடைசிப் பக்கங்களில் வருகிறது. ரிக்கோவின் வீட்டு மொழி தகலாக், அவன் பிலிப்பைன்ஸ்காரன். நாயகர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களாகவே இருந்த காலத்தில், இருநூறு பக்கங்களுக்கு மேல் வாசகரைத் தன்னோடு நடத்திக் கூட்டிவந்த பிறகு ஹைன்லைன் இதைச் சொல்கிறார். பால் வெர்ஹோவன் 1997இல் எடுத்த திரைப்படத்தில் இந்த விவரமும் இல்லை, நூலின் உயிர்நாடியான இயந்திரக் கவச உடையும் இல்லை. அணிந்தவரின் ஒவ்வொரு அசைவையும் உணர்ந்து அதைப் பன்மடங்கு வலிமையோடு செய்யும் அந்த உடை, பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கதைகளுக்கும் திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் முன்னோடி. படத்தைப் பார்த்தவர்கள் நூலைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. படம் நூலைக் கிண்டல் செய்யும் தனிப் படைப்பு.

அடுத்த ஆண்டுகளில் வியட்நாம் போர் எழுத்தாளர்களை நேரடியாகவே இரண்டாகப் பிரித்தது. 1968 ஜூன் மாத 'கேலக்ஸி' இதழில் அறிவியல் புனைகதையாளர்கள் கையெழுத்திட்ட இரண்டு விளம்பரங்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்கா வியட்நாமில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றது, மற்றது வெளியேற வேண்டும் என்றது. முதல் பட்டியலில் ஹைன்லைன் இருந்தார், இரண்டாவதில் உர்சுலா லெ க்வின் இருந்தார். அதே ஆண்டில் வியட்நாமின் நடுமேட்டு நிலத்தில் ஓர் இளம் வீரர் படுகாயமடைந்தார். அவர் ஜோ ஹால்ட்மேன். இயற்பியலும் வானியலும் படித்துப் பட்டம் வாங்கிய 1967ஆம் ஆண்டே கட்டாய ஆள்சேர்ப்பில் இழுத்துச் செல்லப்பட்டவர்.

அவர் எழுதி 1974இல் வெளிவந்த 'தி ஃபாரெவர் வார்' இந்த வகையின் உச்சம். யாராவது ஒரே ஒரு நூலைத்தான் படிக்கப்போகிறார் என்றால் அது இதுவாக இருக்க வேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறையில் ஆய்வேடாகவும் அமைந்த இந்த நாவலைப் பதினெட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. வியட்நாமைப் பற்றி யாரும் படிக்க விரும்பாத நேரம் அது. ஒருவழியாக அச்சேறியபின் ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் வென்றது.

நாவலின் சூத்திரம் சார்பியல் கொள்கையில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டில் செல்லும் கலத்தில் ஓராண்டு கழிந்தால் பூமியில் ஏழாண்டு கழிந்திருக்கும். வேகம் 99.99 விழுக்காடானால் எழுபது ஆண்டு. வில்லியம் மண்டேலா என்ற வீரர் முதல் சுற்றுப் போரை முடித்துவிட்டு வரும்போது அவருக்கு வயது இரண்டு கூடியிருக்கிறது, பூமியோ கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பயணத்திலும் இந்த இடைவெளி அகல்கிறது. நூற்றாண்டுகள் போகின்றன. மொழி மாறுகிறது, உறவுமுறைகள் மாறுகின்றன, அவர் தலைமையேற்கும் வீரர்களுக்கே அவர் ஓர் அந்நியர். வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவருக்குத் தன் சொந்த ஊர் எவ்வளவு தூரமாகத் தெரிந்தது என்பதை எந்த யதார்த்த நாவலும் இத்தனை துல்லியமாக அளந்து காட்டியதில்லை. இங்கே அறிவியல் அலங்காரத்துக்காக வரவில்லை, அந்த வலியைக் கணக்காக எழுத அதைவிட்டால் வேறு வழியில்லை.

போர்க்களத்திலும் அதே கணக்கு வேலை செய்கிறது. வழியில் எதிரியின் கலம் எவ்வளவு காலத்தைத் தாண்டியது என்பது முன்கூட்டித் தெரியாது. நேருக்கு நேர் சந்திக்கும்போது அவர்கள் கையில் இருப்பது இவர்களுடையதைவிட நூறாண்டு பழைய ஆயுதமாக இருக்கலாம், நூறாண்டு புதியதாகவும் இருக்கலாம். ஒரு கட்டத்தில் மின்னணுக் கருவி எதுவும் இயங்காத புலத்துக்குள் அம்பும் வாளும் ஏந்திச் சண்டையிடும் காட்சி வருகிறது. முதல் தரைப்போரோ வெற்றியே அல்ல. மனவசியத்தால் வெறி ஏற்றப்பட்ட வீரர்கள், எதிர்க்கத் தெரியாத உயிர்களைக் கொன்று குவிக்கிறார்கள். ஹைன்லைனின் கவச உடை இங்கேயும் உண்டு. ஆனால் சிறு தவறுக்கும் அணிந்தவரையே கொல்லக்கூடியது அது, பயிற்சியிலேயே பலர் சாகிறார்கள். போர் எப்படித் தொடங்கியது என்ற கடைசிப் பகுதியின் செய்தியை முன்கூட்டிச் சொல்வது வாசகருக்குச் செய்யும் துரோகம். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூமிக்குத் திரும்பும் நடுப்பகுதி மிக இருண்டது என்று முதலில் மாற்றப்பட்டது, பிற்காலப் பதிப்புகளில்தான் மூல வடிவம் திரும்பியது. அந்த மூல வடிவம் உள்ள பதிப்பே படிக்கத் தக்கது. ஹால்ட்மேனின் ஆங்கிலம் குறுகிய வாக்கியங்களால் ஆனது, ஆங்கில நாவல் பழக்கம் குறைந்தவர்களும் தயங்காமல் எடுக்கலாம்.

இந்த இரண்டையும் முடித்தவருக்கு மூன்றாவதாக ஜான் ஸ்கால்சியின் 'ஓல்ட் மேன்'ஸ் வார்' காத்திருக்கிறது. 2005இல் அச்சில் வந்த இந்நாவலில் படையில் சேரும் வயது எழுபத்தைந்து. மனைவியின் கல்லறைக்குப் போய் வணங்கிவிட்டுப் பெயர் கொடுக்கிறார் ஜான் பெர்ரி. முதிய உடலுக்குப் பதில் புதிய உடல் கிடைக்கும், பூமிக்கு மட்டும் திரும்ப முடியாது. இளைஞரை அனுப்பி முதியோர் உயிர் வாழும் உலக வழக்கத்தை அப்படியே புரட்டிப் போடுகிறது இந்த ஏற்பாடு. நடை விறுவிறுப்பானது, இரண்டு இரவில் முடியும். ஹால்ட்மேன் அளவுக்கு ஆழம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் வாழ்ந்து முடித்த ஒருவர் மறுபடி இளமையோடு கொலைத்தொழிலுக்குப் போகும்போது எழும் கூச்சம் நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

எதிரி யார் என்ற கேள்விக்கு வேறு இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஹைன்லைனின் எதிரி பூச்சி. பூச்சியை நசுக்குவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. அதுதான் அந்த வடிவத்தின் வசதி, ஆபத்தும் அதுவே. லெ க்வினின் 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' 1972இல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஹியூகோ பெற்ற குறுநாவல். காடே உலகமாக இருக்கும் ஒரு கோளில் மரம் வெட்ட வந்த மனிதர்கள், அங்குள்ள சிறிய உருவ மக்களை அடிமைப்படுத்துகிறார்கள். கொலை என்ற செயலையே அறியாத அம்மக்கள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றதை மறக்க வழியில்லை என்பதுதான் கதையின் துயரம். படைத்தலைவன் டேவிட்சனின் மனத்துக்குள் இருந்துகொண்டே எழுதப்பட்ட அத்தியாயங்கள் அச்சமூட்டுபவை. தான் நல்லவன் என்பதில் அவனுக்குச் சிறு ஐயம்கூட இல்லை. லெ க்வினின் கோபம் சில இடங்களில் கதையை மீறிக்கொண்டு தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது என்பதால் குறையாகத் தோன்றவில்லை.

ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்'ஸ் கேம்' 1977இல் சிறுகதையாகத் தொடங்கி 1985இல் நாவலானது. ஆறு வயதுச் சிறுவன் எண்டர், எடையற்ற கூடத்தில் போர் விளையாட்டு பயிலும் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். இதிலும் எதிரி பூச்சி இனமே. சிறுவனைத் தளபதியாக்கத் திட்டமிட்டுத் தனிமைப்படுத்தும் பெரியவர்களின் கொடுமையைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். பலரும் இந்த நூலோடு நின்றுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. 1986இல் வந்த 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' முதல் நூலின் கடனைத் தீர்க்கிறது. இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஹியூகோ, நெபுலா இரண்டையும் வென்றவை. இரண்டாவதைப் படிக்கும் எண்ணம் இல்லாதவர் முதலாவதைத் தொடாமல் இருப்பதே மேல்.

போரின் மண்வாடையும் எண்ணெய் நாற்றமும் வேண்டுபவர்களுக்கு டேவிட் டிரேக் இருக்கிறார். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது படைக்கு அழைக்கப்பட்டு, 1970இல் வியட்நாமிலும் கம்போடியாவிலும் டாங்கிப் படைப்பிரிவு ஒன்றில் விசாரணையாளராகப் பணியாற்றியவர். 1979இல் தொகுப்பாக வந்த 'ஹாம்மர்'ஸ் ஸ்லாமர்ஸ்' விண்வெளிக் கூலிப்படை ஒன்றின் கதைகள். காற்று மெத்தையில் மிதந்து செல்லும் மாபெரும் டாங்கிகள், கூலி பேசிய அரசுக்காக யாரையும் சுடுகின்றன. நல்லவர் கெட்டவர் என்று யாரும் அடையாளம் காட்டப்படுவதில்லை. வீரர்கள் தீர்ப்புச் சொல்வதுமில்லை, வாசகரே சொல்லிக்கொள்ள வேண்டும். குரூரம் மிகுந்த பக்கங்கள் இவை, இளம் வாசகர்களுக்கு ஏற்றவை அல்ல.

விண்வெளியில் கடற்போர் பார்க்க விரும்புவோருக்கு இரண்டு தொடர்கள் உண்டு. டேவிட் வெபரின் 'ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்' 1993இல் தொடங்கிய ஹானர் ஹாரிங்டன் தொடரின் முதல் நூல். நெல்சன் காலத்துப் பாய்மரக் கப்பல் கதைகளின் சாயல் கொண்டது. முதல் சில பாகங்கள் நன்று, பின்னால் ஏவுகணைக் கணக்கு கதையை மூடிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஜாக் காம்பெல் 2006இல் தொடங்கிய 'தி லாஸ்ட் ஃப்ளீட்' தொடர் இதைவிடச் செறிவானது. சூரியனிலிருந்து நெப்டியூனுக்கு ஒளி போய்ச்சேரச் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். அந்தத் தொலைவில் எதிரிக் கப்பற்படை தெரிகிறது என்றால், தெரிவது நான்கு மணி நேரத்துக்கு முந்தைய காட்சி. கட்டளையும் அதே தாமதத்தோடுதான் போய்ச்சேரும். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு இரு படைகளும் ஒன்றையொன்று கடக்கும் நேரமோ கண்சிமிட்டும் பொழுதுக்கும் குறைவு. இந்த நெருக்கடியை காம்பெல் போல வேறு யாரும் பொறுமையாகக் கையாண்டதில்லை.

போர்க்கதை என்றாலே விலகிப்போகும் வாசகருக்குக் கொடுக்க வேண்டியது லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்டின் 'தி வாரியர்'ஸ் அப்ரெண்டிஸ்'. 1986இல் வெளிவந்தது. கருவில் இருந்தபோது நச்சு வாயுத் தாக்குதலால் எலும்புகள் நொறுங்கும் உடலோடு பிறந்தவன் மைல்ஸ் வோர்கோசிகன். உடற்குறை உள்ளவரைச் சபிக்கப்பட்டவராகப் பார்க்கும் பாராயர் என்ற கோளில், புகழ்பெற்ற தளபதியின் மகனாக அவன் வளர்கிறான். படைக் கல்லூரித் தேர்வில் தடைச்சுவரிலிருந்து குதித்துக் கால்களை முறித்துக்கொள்கிறான். பிறகு பேச்சாலும் புளுகாலும் துணிச்சலாலும் ஒரு கூலிப்படைக்கே தலைவனாகிவிடுகிறான். சிரித்துக்கொண்டே படிக்கும்போது திடீரென்று ஒரு மரணம் வரும், அதற்கு மைல்ஸ்தான் பொறுப்பு என்பதும் புரியும். அவன் பெற்றோரின் கதையான 'ஷார்ட்ஸ் ஆஃப் ஆனர்', 'பாராயர்' இரண்டும் அடுத்துப் படிக்க வேண்டியவை. இரு தரப்பினரின் உடல்களையும் விண்வெளியில் தேடிச் சேகரிப்பவர்களைப் பற்றி முதலாவதின் முடிவில் வரும் சிறு பகுதி, போர் முடிந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதை அமைதியாகச் சொல்கிறது. சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை பூஜோல்ட் நான்கு முறை வென்றிருக்கிறார், அவற்றில் மூன்று இந்தத் தொடருக்கு.

அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால் ஜப்பான்தான் கவனிக்கத்தக்கது. யோஷிகி தனாகாவின் 'லெஜெண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' 1982 முதல் 1987 வரை பத்துப் பாகங்களாக வந்து, இன்று ஆங்கிலத்திலும் முழுமையாகக் கிடைக்கிறது. திறமையும் நேர்மையும் கொண்ட ஒரு பேரரசர் ஒருபுறம், ஊழலில் அழுகிய குடியரசு மறுபுறம். அந்தக் குடியரசைக் காப்பவர் யாங் வென்லி, வரலாறு படிக்கக் காசில்லாமல் படைக் கல்லூரியில் சேர்ந்தவர், போரை வெறுப்பவர். மோசமான மக்களாட்சிக்காக ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் தேடும் பதில், ஹைன்லைனின் வகுப்பறைப் பாடங்களுக்கு எழுதப்பட்ட மிகத் தீவிரமான மறுப்பாகப் படிக்கத்தக்கது. ஹிரோஷி சகுராசகாவின் 'ஆல் யூ நீட் இஸ் கில்' 2004ஆம் ஆண்டின் சிறிய நாவல். செத்த வீரன் அதே நாளின் காலையில் மறுபடி மறுபடி கண்விழிக்கிறான். 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' திரைப்படம் இதிலிருந்து பிறந்ததுதான், ஆனால் நூலின் முடிவு வேறு, இன்னும் கடுமையானது.

அண்மைக் காலத்து நூல்களில் யூன் ஹா லீயின் 'நைன்ஃபாக்ஸ் கேம்பிட்' 2016இல் வந்தது. ஒரு பேரரசின் மக்கள் அனைவரும் ஒரே நாட்காட்டியைக் கடைப்பிடித்தால்தான் அதன் ஆயுதங்கள் இயங்கும் என்பது அதன் அடிப்படை. முதல் ஐம்பது பக்கங்கள் எதுவும் விளங்காது, விளக்கமும் தரப்படாது. மற்ற நூல்களில் நன்கு பழகியபின் எடுப்பது நல்லது.

கடைசியாகப் படிக்க வேண்டியது கேமரன் ஹர்லியின் 'தி லைட் பிரிகேட்', 2019. தென்னாப்பிரிக்க எதிர்ப்பு இயக்கங்களின் வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தவர் ஹர்லி. நிறுவனங்களே அரசுகளாகிவிட்ட உலகில் வீரர்களை ஒளியாக மாற்றிப் போர்க்களத்துக்கு அனுப்புகிறார்கள். டீட்ஸ் என்ற வீரர் ஒவ்வொரு முறையும் தவறான நாளில் போய் இறங்குகிறார். போரின் முடிவை முதலிலும் தொடக்கத்தைப் பின்னரும் காண்கிறார், தனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பொய் என்பது அப்படியே அவிழ்கிறது. குடியுரிமையைப் படைப்பணியால் சம்பாதிக்கும் ஹைன்லைனின் ஏற்பாட்டையும், காலத்தில் தொலைந்துபோகும் ஹால்ட்மேனின் வீரரையும் ஒரே நூலில் எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் பதில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் படிக்காதவருக்கு இது குழப்பமான சாகசக் கதையாகவே தெரியும். படித்தவரும் ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறக்கத்திலும் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று குறித்துக்கொண்டே போவது நல்லது.